யானை முதலில் இறங்கட்டும்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். நெடுந்தூரம் போகும்போது மற்ற டிரைவர்கள் பாட்டு கேட்பார்கள்; இவர் பழைய காலத்து யுத்தக் கதைகள் கேட்பார். போனில் யாரோ சொல்லிக்கொண்டே வருவார்களாம். வீடு திரும்பியதும் எந்த ராஜா யாரை எங்கே மடக்கினான் என்று என்னிடம் ஒப்பிப்பார். நான் துணி மடித்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன். பாதிக்கு மேல் காதில் ஏறியதில்லை.

ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். பக்கவாதம். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. இவர் பேச்சை எது நிறுத்தும்? இடது கையும் இடது காலும்தான் சொன்னபடி கேட்கவில்லை.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் தம்பி வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோனோம். தம்பி தங்கமானவன். ஆனால் அந்த அறையில் அவன் பைக் உதிரிப் பாகங்களுக்கும் எங்கள் கட்டிலுக்கும் நடுவே நான் குறுக்காகத்தான் நடக்க வேண்டியிருந்தது. என் வீட்டுச் சமையலறை ஜன்னலை நினைத்தாலே எனக்கு அழுகை வரும். அதை அவரிடம் காட்டிக்கொண்டதில்லை.

பிசியோதெரபிக்குப் போன முதல் வாரம் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பயிற்சி தரும் பெண் காலைத் தூக்கச் சொன்னால், “யாரோட காலும்மா இது?” என்பார். பிறகு ஒருநாள் ஆட்டோவில் திரும்பும்போது திடீரென்று சொன்னார்.

“தளபதி ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யானைகளை ஓட்டிக்கொண்டு பனிமலையைத் தாண்டிப் போன ஆள். அவன் பேர் இவர் வாயில் நுழையாது, அதனால் வெறும் தளபதி.

“அவன் யானையெல்லாம் பனியைப் பார்த்ததே இல்ல. நின்ன இடத்துலயே நின்னுச்சாம். அடிச்சா நகராது. இந்தக் காலு அதுதான். யானை.”

அன்றிலிருந்து காவியம் ஆரம்பமானது. வலது கால் குதிரைப்படை. ஊன்றுகோல் கொடி. மரத்துப்போன இடது கை, கப்பம் கட்ட மறுக்கும் குட்டி நாடு. மலை எது என்று சொல்லத் தேவையில்லை, எங்கள் மாடிப்படிதான். தம்பி கதவருகே நின்று, “என்ன மாமா, இன்னைக்கு எந்த ஊரைப் பிடிச்சீங்க?” என்று வம்பிழுப்பான். அவர் வண்டி வண்டியாகக் கதை அளப்பார்.

“இதுல நான் யாரு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நீதான் உணவுப் பிரிவு. அது இல்லாம படை ஏது?”

எனக்குச் சுருக்கென்றது. மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, இவரைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, தாங்கிப் பிடித்து நடத்துகிறேன்; காவியத்தில் எனக்குச் சோற்று மூட்டை. அன்று அவருக்கு உப்பில்லாமல்தான் போட்டேன். டாக்டர் சொன்னதுதான், இருந்தாலும் அன்று மனமாரப் போட்டேன்.

நாள் போகப் போகத் தம்பி மெதுவாகப் பேச்சை எடுத்தான். “அக்கா, அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, இங்கேயே பக்கத்துல கீழ்வீடா ஒண்ணு பார்ப்போம். மாமாவால முடியாததை ஏன் போட்டு வதைக்கணும்?” ஞாயிற்றுக்கிழமை யாரோ வீடு பார்க்க வருவதாகவும் சொன்னான். அன்றே பிசியோ பெண்ணிடம் ஓடினேன். அவள் சனிக்கிழமை நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

“ஏறினா மட்டும் போதாது. இறங்கவும் தெரியணும். ரெண்டும் செஞ்சா வீட்டுக்குப் போகலாம்.”

சனிக்கிழமை காலை படிக்கட்டின் அடியில் நின்றோம். நல்லவேளையாக இரு பக்கமும் கைப்பிடி உண்டு. நான் இடது பக்கம். தம்பி பின்னால், விழுந்தால் பிடிக்க. பிசியோ பெண் முன்னால், வாயைத் திறக்காமல்.

“குதிரை ஏறு,” என்று முணுமுணுப்பார். வலது கால் மேலே போகும். “யானை வா”, இடது கால் இழுபட்டு வந்து சேரும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் முகாம். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வியர்வை துடைத்துவிட்டேன். உணவுப் பிரிவு வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. இரண்டாவது மாடிக்காரர்கள் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

எங்கள் வாசலை அவர் தொட்டபோது தம்பி கைதட்டியே விட்டான். அவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் பையில் சாவியைத் துழாவினேன்.

“இப்ப ஒரு மாடி இறங்குங்க சார்,” என்றாள் அந்தப் பெண்.

கிளினிக் படிகளில் இறங்கும்போது ஒவ்வொரு முறையும் அவள்தான் ‘இடது முதல்ல’ என்று சொல்வாள். இன்று சொல்லவில்லை; அவராகச் செய்கிறாரா என்று பார்க்க நின்றாள். அவருடைய காவியத்தில் இதுவரை படை ஏறிக்கொண்டுதான் இருந்தது, இறக்கமே வரவில்லை. அதனால் ஏறின வரிசையிலேயே ஆணை போட்டார்.

“குதிரை இறங்கு.”

வலது கால் கீழே போனது. மொத்த உடம்பும் மேல்படியில் நின்ற இடது காலின் மேல் வந்தது. முழங்கால் மடங்கியது. நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்படியே படியில் உட்கார வைத்தோம். அடி படவில்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

“பிரேக் இல்லாத வண்டி,” என்றார். “வேணாம். நாளைக்கு வர்றவங்களுக்கே வீட்டைக் குடுத்துரலாம்.”

தம்பி என்னைப் பார்த்தான். பிசியோ பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கையமர்த்தினேன்.

“மலை மேல ஏறி நின்னுக்கிட்டு வேணாம்னா என்னங்க அர்த்தம்? இறங்குறப்ப யாரை முதல்ல விடணும்னு அந்தப் பொண்ணு எத்தனை தடவை சொல்லியிருக்கா?”

“யானை எப்பவும் பின்னாலதான்...”

“யாரு சொன்னது? மலையில இருந்தவங்க யானையைக் கண்டா கிட்டவே வரலன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் துணி மடிக்கிறப்ப நாலு தடவை சொல்லியிருக்கீங்க. அப்ப பயமா இருக்கற பக்கம் யானையைத்தானே முன்னால விடணும்? குதிரை மேல நின்னு தாங்கட்டும்.”

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். நான் இத்தனை வருஷம் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன் என்று அவருக்கும் தெரியாது, சத்தியமாக எனக்கும் தெரியாது.

“எழுப்பி விடு,” என்றார்.

எழுந்தார். வலது கை கைப்பிடியை இறுக்கியது. “யானை,” என்றார். இடது கால் காற்றில் தடுமாறி, கீழ்ப்படியைத் தேடி, ஊன்றியது. குதிரை பின்னால் வந்து சேர்ந்தது. இன்னொரு படி. இன்னொன்று. மாடித் திருப்பத்தை அடைந்ததும் பிசியோ பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

“மறுபடி மேல போங்க சார். உங்க வீட்டுக்கு.”

மறுநாள் வீடு பார்க்க வந்தவர்களுக்கு நானே கதவைத் திறந்து மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். சமையலறை ஜன்னல் முழுக்கத் தூசி. துடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் தம்பியிடம் அவர் புதுப் பாகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: படை உச்சியில் திகைத்து நின்றது, தளபதி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான், அப்போது ஒரு குரல் யானையை முன்னால் விடச் சொன்னது.

“மாமா, வரலாத்துல அப்படியா இருக்கு?” என்றான் தம்பி.

“வரலாத்துல யார் சொன்னான்னு எழுதலடா மாப்ள. எழுதினவன் ஆம்பள. அது தளபதி பொண்டாட்டி சொன்னதாத்தான் இருக்கும்.”

நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே ‘ம்’ கொட்டினேன்.