கப்பலடியில் கொளுவிய வலை

என் கணவர் மீனவர். அதிலும் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கக்கூடியவர். எங்கள் சாய்ந்தமருதுக் கரையிலிருந்து படகில் போகும் தூரத்தில் பழைய போர்க்கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. மீனவர்களுக்கு அந்த இடம் கப்பலடி. பாரைமீன் அங்கேதான் குவியும். யாருடைய வலையாவது கப்பலில் கொளுவிச் சிக்கிக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். மனிதரும் கலியாண வீட்டுக்குப் போகிறவரைப்போலச் சிரித்துக்கொண்டே போவார். எனக்குத்தான் சோறு இறங்காது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். போன வருடம் பிள்ளைகளுக்காக அந்தக் கப்பலைப் பற்றித் தேடி வாசித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட கப்பல்களில் அதுவும் ஒன்று. வெள்ளைக்காரர்கள் அதற்கு ஒரு பூவின் பெயரை வைத்திருந்தார்கள். குண்டு விழுந்தபின் ஒரு நிமிடம்கூட மிதக்கவில்லையாம். கீழ்த்தட்டில் நின்ற மாலுமிப் பொடியன்மாருக்குப் படியேறவும் நேரம் இருந்திருக்காது. இவ்வளவு காலமும் நாங்கள் தின்ற மீன் எங்கே மேய்ந்தது என்று நினைத்து, அன்று மீன் ஆணத்தைச் சோற்றுக்கு ஊற்றவே இல்லை.

இவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பயந்தாலாவது போகாமல் இருக்கட்டும் என்றுதான்.

“ஒனக்கென்ன விசரா புள்ள? அது வெறும் இரும்பு. உள்ளுக்க ஒண்டும் இல்ல” என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கடந்த மாதம் ஒருவருடைய வலை கொளுவிவிட்டது என்று மறுபடியும் கூப்பிட்டார்கள். காலையில் போனவர் நடுப்பகல் லுஹர் தொழுகை கழிந்தும் வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. கரைக்கு ஓடினேன். சுனாமிக்குப் பிறகு நான் கடலை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. அன்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். யா அல்லாஹ், உயிரோடு இல்லாவிட்டாலும் மையத்தையாவது கரைக்குத் தந்துவிடு என்று கேட்கும் அளவுக்கு மனம் போய்விட்டது.

பின்னேரம் பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லும்போது படகு வந்தது. வலை இல்லை. இறங்கியவரின் முகம் வெளிறியிருந்தது.

“வல ஒரு ஓட்டைக்குள்ள போய்க் கொளுவிக் கிடந்திச்சு. கைய உட்டன். நீ செல்லின பொடியனுகள்ற நெனவு வந்திட்டு. பதறி வேகமா மூச்சு இழுத்து, காத்தும் கெதியா முடிஞ்சிட்டு புள்ள. வலைய உட்டுட்டு மேல வந்திட்டன். எழும்ப ஏலாம படகுலயே கிடந்தன்.”

இனிப் போகமாட்டார் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஆனால் அடுத்த நாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு மறுபடியும் சிலிண்டரைத் தூக்கினார்.

“அந்த மனுசன்ட வல. எடுத்துக் குடுக்காம எப்பிடி?”

“பயமில்லையா?” என்று கேட்டேன்.

“இரிக்கி” என்றார். “துஆச் செய்.”

இத்தனை வருடத்தில் அவர் போகும்போது தனக்காக அல்லாஹ்விடம் கேட்கச் சொல்லி என்னிடம் துஆக் கேட்டதில்லை. கடலுக்கடியில் பதறாத மனம்தான் அவரை ஒவ்வொரு முறையும் மேலே கொண்டுவந்தது, அதை நான்தான் கலைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று வலையோடு வந்து சேர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இப்போது சிரிக்காமல்தான் போகிறார். அவர் வரும்வரை நான் தொழுகைப் பாயிலேயே இருக்கிறேன்.