போட்டிச் சைக்கிளில் ஏறிய மாமா

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையில் ஒரு வருடம் ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று சேர்த்து ஒரு போட்டி வைத்தார்கள். தினமும் சைக்கிளில் வேலைக்கு வருகிறவன் என்று என் பெயரையும் எழுதிவிட்டார்கள். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். கடைசி ஆளாக வந்து எல்லார் முன்னாலும் நிற்கக் கூடாது.

முதல் ஓட்டத்தில் எனக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். சைக்கிளை எடுத்துத் தெம்பாக மிதித்தேன். பஸ் நிறுத்தத்தில் என் மனைவியின் பெரியப்பா, வேர்க்கடலை மூட்டையோடு நடுரோட்டுக்கே வந்து கையைக் காட்டினார்.

"இன்னா மாப்ளே, பஸ்ஸே வர்ல. உங்க ஊட்டுக்குத்தான் வரேன். ஸ்டேஷனாண்ட உட்டுடு, அங்கேர்ந்து நடந்து பூட்றேன்."

"போட்டியில போய்க்கினு இருக்கேன் மாமா."

"போயேன், வேணான்னா சொன்னேன்? நீ பாட்டுக்கு மிதி. நான் சும்மா குந்திக்கினு வரேன்."

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூட்டையோடு ஏறிக்கொண்டார். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள்.

"அவன் பார் எப்டிப் போறான், நீ இன்னா இப்டி மிதிக்கிறே?" என்றார் பின்னாலிருந்து.

ஐந்தாவது ஆளும் மணியடித்துக்கொண்டு போனபோது பொறுக்கவில்லை.

"எறங்கு மாமா!" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

கடைசி ஓட்டத்தில் மூச்சு முட்ட ஓடி இரண்டு பேரை முந்தினேன். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனால், "பெரியப்பாவ நடுரோட்ல எறக்கி உட்டியாமே?" என்று மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். உள்ளே அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ளே, கடைசியா?"

"இல்ல மாமா. பின்னால ரெண்டு பேரு."

"பாத்தியா," என்றார் என் மனைவியிடம், "நான் எறங்கிக்கினதாலதான்."