அக்காவின் கறுப்புத் தரை

பாலையூற்றில், அக்காவின் சீதனத்துக்கென்று அப்பா கட்டிய வீட்டின் தரை கண்ணாடிபோல் மின்னும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, புல்மோட்டைக் கடற்கரையிலிருந்து லொறியில் கருமணல் எடுப்பித்து, சீமெந்தோடு குழைத்துத் தன் கையாலேயே பூசி மினுக்கியது அது. வெயில் நேரத்தில் அதில் கன்னத்தை வைத்துப் படுத்தால் கிணற்றுத் தண்ணீரின் குளிர் ஏறும். பல்கலைக்கழக விடுதியில் நான் ஏங்கியது அந்தக் குளிருக்குத்தான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். ஒருநாள் வகுப்பில், அந்தக் கருமணலோடு கலந்து கிடக்கும் மொனசைட் என்ற கனிமத்தில் தோரியம் உண்டு, அது கதிர் வீசும் என்றார் விரிவுரையாளர். அக்கா அப்போது முழுகாமல், வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். வீட்டில் மிஞ்சிக் கிடந்த மணலை ஒரு தகரப் பேணியில் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். கதிர் அளக்கும் கருவியைப் பக்கத்தில் பிடித்தார்; அது விடாமல் சத்தமிட்டது.

தரையை உடைக்கத் தேவையில்லை என்றார் அவர். ஆனால் பூட்டிய அறையில் அதிலிருந்து வரும் வாயு தேங்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கூடாது. யன்னல் திறந்திருக்கட்டும், குழந்தையைத் தரையில் கிடத்தவேண்டாம்.

எங்கள் பக்கத்திலோ, பிள்ளை பெற்றவளின் அறையைத் துடக்கு என்ற தீட்டுக் கழியும்வரை காற்றுப் புகாமல் அடைத்து வைப்பார்கள். தாயும் பிள்ளையும் தரையில் பாயில்தான் கிடப்பார்கள்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவின் முகம் சுருங்கியது. "நான் பூசின தரை என்ர பேரப்பிள்ளைக்கு நஞ்சோ?"

"அப்பிடியில்லை அப்பா. அடைச்சு வைச்சாத்தான் கூடாது."

"பச்சை உடம்புக்காரிக்குக் காத்துப் பட ஏலாது," என்றார் அம்மா. "ஜன்னி கண்டா உன்ர வாத்தியாரே வந்து பாப்பார்?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தம்பி சொல்றபடி திறவுங்கோ அம்மா. நான் சீலையால காதைக் கட்டிறன். இவ்வளவு படிச்சவன்ர கதையை ஒருக்காலாவது கேப்பம்."

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, அம்மா முணுமுணுத்துக்கொண்டே யன்னலைத் திறந்து, வேப்பிலைக் கொத்தொன்றைக் கட்டித் தொங்கவிட்டார். கடற்காற்றில் அது நாள் முழுக்க ஆடியது. அப்பா தன் கட்டிலைத் தூக்கி வந்து அக்காவின் அறையில் போட்டார். பிறகு விறாந்தையில், அந்தக் கறுப்புத் தரையிலேயே பாயை விரித்தார்.

"நீங்களும் தரையில படுக்காதேங்கோ அப்பா," என்றேன்.

"பேசாம இரடா. நல்ல குளிர்ச்சி," என்று திரும்பிப் படுத்தார்.

கொஞ்ச நேரத்தில் நானும் போய் அவருக்குப் பக்கத்தில் படுத்தேன்.