வேறொருவர் பெயருக்கு வந்த ஆறு கடிதங்கள்

இது நடந்து நான்கு வருடம் இருக்கும். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய கிழமை, லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டில்.

அந்த வீட்டை வாங்கிய முதல் வருடத்திலிருந்தே, ஒவ்வொரு நத்தாருக்கும் அமெரிக்க முத்திரை ஒட்டிய கடிதம் ஒன்று வரும். எங்களுக்கு அல்ல, முன்பு அங்கே குடியிருந்த ஸ்கொட்லாந்துப் பெண்மணிக்கு. அவருடைய உறவினர் ஒருவர்தான் வீட்டை விற்றார். அந்தப் பெண்மணியை நான் கண்டதே இல்லை. நாளைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கடிதத்தை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போட்டுவிடுவேன்.

"ஆரின்ரையோ கடிதத்தை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறியள்? திருப்பி அனுப்பிவிடுங்கோவன்" என்று மனைவி வருடாவருடம் ஏசுவாள். ஷிப்ட், பிள்ளைகளின் படிப்பு என்று அது அப்படியே போய்விடும்.

ஆறாவது கடிதத்தின் பின்புறத்தில் பெரிதாக எழுதியிருந்தது: "இப்போது இந்த வீட்டில் இருப்பவருக்கு. தயவுசெய்து திறந்து படியுங்கள்."

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. நான் அகதியாக வந்த புதிதில் டூட்டிங்கில் அறை அறையாக மாறிக்கொண்டிருந்தேன். ஊரில் போர். அப்பா நீலநிற வான்கடிதத்தில் பொடி எழுத்தில் எழுதுவார். மடிக்கிற ஓரத்தைக்கூட விடமாட்டார்; கோழிக்கூட்டுக்குப் புதுக் கதவு போட்டது வரை அதில் இருக்கும். கடைசிக் காலத்தில் அவர் நான்கு கடிதம் எழுதியதாக, அவர் காலமான பிறகு அம்மா சொன்னார். ஒன்றும் என் கைக்கு வரவில்லை. பழைய விலாசத்தில் எவனோ அக்கறையில்லாதவன் எறிந்திருப்பான் என்று பல வருடம் அவனைத் திட்டியிருக்கிறேன். லாச்சியைத் திறந்துகொண்டு நின்றபோதுதான், அந்த எவனோ ஒருவனாக நானும் ஆகிவிட்டேன் என்று விளங்கியது.

கடிதத்தைத் திறந்தேன். நெப்ராஸ்காவில் ஒரு பண்ணை வீட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். ஸ்கொட்லாந்திலிருந்து அங்கே குடியேறிய தன் பூட்டனாரில், அதாவது தந்தையின் பாட்டனாரில், தொடங்கி, குடும்பத்தின் வம்சாவளியை எழுதுகிறாராம். தந்தை இறந்துவிட்டார். தந்தை விட்டுப்போன ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தவர் லண்டனில் உள்ள இந்தப் பெண்மணி ஒருவர்தான். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

பக்கத்து வீட்டு அண்ணையிடம் ஓடினேன்.

"ஓம் தம்பி, அந்த மனிசி இருக்கிறா. ரண்டு பஸ் ஸ்டொப் தள்ளி, கெயார் ஹோமில. போன மாசமும் போய்ப் பாத்தனான்" என்றார்.

ஆறு வருடம். ஒருநாள்கூட நான் அவரிடம் கேட்டதில்லை.

மறுநாள் கடிதங்களோடு அந்த முதியோர் இல்லத்துக்குப் போனேன். தொண்ணூறு வயது தாண்டிய மெலிந்த உருவம். பாரிசவாதம் வந்து வலது கை செயலிழந்திருந்தது. வீட்டைக் காலி செய்தபோது விலாசப் புத்தகம் தொலைந்ததில் அமெரிக்கத் தொடர்பு அறுந்துபோனதாம். கடிதம் எழுதிய பெண்ணின் தந்தையான பண்ணைக்காரரும் இவரும் அண்ணன் தம்பிகளின் பேரப்பிள்ளைகள். எங்கள் முறைப்படி அவர் இவருக்குத் தம்பி.

கண் சரியாகத் தெரியாததால் என்னையே வாசிக்கச் சொன்னார். பண்ணைக்காரர் எழுதிய முதல் இரண்டிலும் சோளம், பனி, புதிதாகப் பிறந்த பேரன். மூன்றாவதில் தொலைபேசி இலக்கம் இருந்தது. 'ஒருமுறை உன் குரலைக் கேட்க ஆசை' என்று எழுதியிருந்தார். நான்காவதிலும் அதே இலக்கம், நடுங்கிய எழுத்தில். ஐந்தாவது கடிதம் மகளின் கையெழுத்தில் இருந்தது. முதல் வரியிலேயே வாசிப்பதை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றார். வாசித்தேன். அறுவடை முடிந்த கிழமை தந்தை இறந்துவிட்டார் என்று இருந்தது.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு காலமும் கடிதங்கள் என் லாச்சிக்குள்தான் கிடந்தன என்று நான் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "அடுத்ததை வாசியுங்கள்" என்றார்.

ஆறாவதில்தான் அந்தக் கேள்வி. காணிக்காகத் தம்பியோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் பூட்டனார் கப்பலேறினார் என்பது அங்கே பரம்பரைப் பேச்சு. அது உண்மையா என்று கேட்கத் தந்தை கடைசிவரை கூச்சப்பட்டாராம்.

"சண்டையா?" என்று கிழவி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போதே அவளைக் கூப்பிடுங்கள்."

கடிதத்தில் இருந்த இலக்கத்தை அழுத்தினேன்; என் கைபேசியில் நெப்ராஸ்கா வந்தது. குத்தகைக் காணி ஒரு குடும்பத்துக்குத்தான் காணும். தம்பி நெஞ்சு வருத்தக்காரன், நோயாளி; கடற்பயணம் தாங்காது. அதனால் அண்ணன் தானாகவே புறப்பட்டுப் போனான் என்று கிழவி சொன்னார். "என் பாட்டனார் அதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். அண்ணனால்தான் நான் பிழைத்தேன் என்பார்."

மறுமுனையில் அந்தப் பெண் விம்முவது கேட்டது. "அப்பா இதைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கைபேசியோடு போவேன்; இருவரும் பேசுவார்கள். வம்சாவளி அச்சாகி வந்தபோது கிழவி அதை மடியில் வைத்து, ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த மாரிக் குளிரில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

நல்ல காரியம் செய்தாய் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரு முத்திரை ஒட்டவும், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவும் பட்ட சோம்பலில், இரண்டு வயதானவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் வாய்ப்பை நான் இல்லாமல் செய்துவிட்டேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது.