தொட்டிக்குள் கேட்ட மைன்ஸ்

மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும், அப்பாவுக்கு ஓய்வு கொடுத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். வெளிச்சமும் சத்தமும் புகாத தொட்டியில், உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் மிதக்க எனக்குப் பதிவு செய்துவிட்டாள். "மிதந்துட்டு வாப்பா, புது மனுசனா ஆயிடுவ" என்றாள். எனக்கு எரிச்சல்தான். சும்மா கிடப்பதற்கு நெய்வேலி குவார்ட்டர்ஸில் கட்டில் இல்லையா?

ஆனாலும் போனேன். சில மாதங்களாகவே எனக்குச் சரியான தூக்கமில்லை.

மைன்ஸில் நான், நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள். பெல்ட்டைத் தாங்கி உருளும் ரோலர்களில் எது கெடப்போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அடுத்த ஷிப்ட்காரர்கள்கூட என்னைத் தேடி வந்து கேட்பார்கள். காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் ரோலர் சத்தம் பிடிபடாது என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அது என் திமிர், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

பெங்களூரில், தண்ணீர் புகாமலிருக்க அங்கிருந்த பெண் கொடுத்த அடைப்பானை மட்டும் மரியாதையாகப் போட்டுக்கொண்டேன். தொட்டியில் இறங்கியதும் காலையில் சவரம் செய்த இடமெல்லாம் சுரீரென்று எரிந்தது. மூடியைச் சாத்தி விளக்கை அணைத்தேன். உடம்பு தானாக மேலே வந்தது. கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த இரைச்சல். வீட்டில் படுத்தால் தூரத்தில் மைன்ஸ் ஓடுவது கேட்குமே, அதே இரைச்சல்.

அடைப்பானைக் கழற்றிவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "மோட்டார் ஓடுதும்மா, நிறுத்துங்க" என்றேன்.

"நிறுத்திட்டுத்தான் உங்களை உள்ள விட்டேன் அங்கிள்."

"முப்பது வருசமா மோட்டாரோட குடித்தனம் நடத்துறவன்கிட்ட சொல்றியே!"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அணைத்திருந்த சுவிட்சைக் காட்டினாள். தொட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நான் மறுபடி உள்ளே போய்ப் படுத்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அது என் தலைக்குள் இருக்கிறது என்று புரிந்தபோது பயந்துபோனேன். மீதி நேரம் முழுக்க ஒரு நிமிடம்கூட கண் மூடவில்லை.

வெளியே மகள் ஆவலாக நின்றிருந்தாள். "எப்படிப்பா இருந்துச்சு?"

"சூப்பரும்மா" என்றேன்.

ஊர் திரும்பியதும் சாயங்காலம், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம் மைன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன்.

"இங்க எங்கங்க கேக்குது? காத்து இந்தப் பக்கம் திரும்பினாத்தான் உண்டு." துணியை மடித்தபடியே சொன்னாள்: "எடது பக்கம் நின்னுகினு பேசினா உங்களுக்கு ஒண்ணும் வெளங்கலைன்னு நான் சொல்லி நாலு வருசம் ஆவுது. அதையும் நீங்க காதுல வாங்கல."

அவளோடு சண்டை போட்டேன். அவள் சொன்னது உண்மை என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன்.

அந்த மாதமே வருடாந்திர மெடிக்கல் வந்தது. காது சோதனைக்கு, கண்ணாடி வைத்த சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி உட்காரவைப்பார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். எங்களில் பழைய ஆட்கள் கண்ணாடி வழியாகச் சோதிப்பவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்போம். சத்தம் வைக்க அவர் கையை நீட்டும்போது தோள் அசையும், உடனே அமுக்குவோம். காது சரியில்லை என்று எழுதிவிட்டால் லைட் டியூட்டிதான், பெல்ட் பக்கம் போக முடியாது. அதனால் நானும் அப்படியே பாஸாகி வந்தேன். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்திருந்தேன். ஆனால் பெல்ட் ஓடத் தொடங்குமுன் ஒரு சைரன் அடிக்கும். அதைக் கேட்டுத்தான் நாங்கள் விலகி நிற்பது. அது ஒரு நாள் எனக்குக் கேட்காமல் போனால்?

இந்த முறை நாற்காலியைத் திருப்பி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன். பிறகு வலது காதில் மங்கலாக நாலைந்து முறை கேட்டது. அமுக்கினேன். சோதிக்கும் அம்மா உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"முடிஞ்சிடுச்சுங்க, எழுந்துக்கங்க."

"வலது காதுக்குத்தானேம்மா வந்துச்சு. இடது காதுக்கு எப்ப ஆரம்பிப்பீங்க?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"மொதல்ல அதுக்குத்தாங்க வச்சேன்."