முனவ்வறாவின் கைக்குத் தெரிந்தது

முனவ்வறாவின் கை சின்னக் கை. கல்யாணத்துக்குக் காப்பு வாங்கப்போன கடையில் பிள்ளைகளின் அளவைத்தான் எடுத்துக் காட்டினார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி மாமி வீட்டில் நெடுநாள் பகிடி பண்ணினார்கள். அந்தக் கைதான் ஒலுவிலுக்கு மேற்கே, வயல்வெளிக்கு அப்பால் இருக்கிற மாட்டுப்பட்டியில், இருபது வருடத்தில் எண்பது கன்றுக்கு மேல் உயிரோடு வெளியே எடுத்தது. பகிடி பண்ணின வாயெல்லாம் பிறகு மூடிக்கொண்டது.

பட்டி அவளுடைய கணவன் இன்ஸாபுடையது. அவனுடைய மாடுகளோடு ஊரார் மாடுகளும் அங்கேதான் அடைபடும். மாரியில் பாதை தண்ணீருக்குள் போய்விட்டால் மிருக வைத்தியர் வந்துசேர வழியில்லை. போனில் அவர் சொல்வதைக் கேட்டுச் செய்யவும் ஒரு கை வேண்டுமே. கால் மடிந்தோ தலை திரும்பியோ கன்று சிக்கிக்கொண்டால் எல்லாரும் முனவ்வறாவைத்தான் பார்ப்பார்கள்.

கூடவே இன்ஸாபின் கத்தியையும் பார்ப்பார்கள். தானாகச் செத்த மாடு ஹறாம், தின்னக் கூடாது. உயிர் போகுமுன் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தான் இறைச்சியாவது மிஞ்சும். அதனால் மனைவி பசுவின் பின்னால் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டிருக்க, கணவன் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பான். மாட்டுக்குக் கத்தியைக் காட்டக் கூடாது. மாட்டிறைச்சி தின்னாத தம்பிலுவில் ஊர்ச் செல்லத்தம்பியின் மாட்டுக்குப் போனால் அங்கே கத்தி என்ற பேச்சே இல்லை, ஆறுதலாக வேலை பார்க்கலாம் என்பாள் முனவ்வறா. தன் ஆட்களிடம் அப்படி முடியாது. எதுவரைக்கும் பொறுப்பது, எப்போது அறுப்பது என்று உள்ளே இருக்கிற கைதான் சொல்ல வேண்டும். இப்படியொரு பொறுப்பு பகையாளிக்கும் வேண்டாம்.

ஐந்து வருடத்துக்கு முன், றிபாவின் பசுவில் அவள் பிழை விட்டாள். றிபா கணவன் மௌத்தான பிறகு மூன்று பிள்ளைகளோடு தனித்துப்போனவள். அந்தப் பசுவின் பாலில்தான் அடுப்பெரிந்தது. சிக்கின கன்றின் காலை நிமிர்த்தும்போது கருப்பை கிழிந்தது. சுடச்சுட இரத்தம் முழங்கையால் வழிந்ததை முனவ்வறா உணர்ந்தாள். உணர்ந்தும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று இன்ஸாபைத் தடுத்தாள். தாயையும் கன்றையும் சேர்த்தே காப்பாற்றிவிடலாம் என்ற பேராசை, வேறென்ன? இரண்டும் போயின. கத்தி படாமல் செத்த பசுவைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். றிபா அழுது கத்தவில்லை.

"கையில தெரியல்லயா ராத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியவில்லை என்று முனவ்வறா சொன்னாள். அந்தப் பொய் அதன் பிறகு ஒருநாளும் அவளை நிம்மதியாகச் சாப்பிடவிடவில்லை.

செத்த பசுவின் முந்தின ஈற்றுக் கன்று ஒன்று றிபாவிடம் மிஞ்சியிருந்தது. அது வளர்ந்து, போன மார்கழியில், ஒரு பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம், தன் முதல் கன்றை ஈன முடியாமல் பட்டியில் விழுந்து கிடந்தது. றிபா தலைமாட்டில் நின்றாள். இன்ஸாப் கத்தியோடு நின்றான். முனவ்வறா தேங்காயெண்ணெய் பூசிக் கையை விட்டாள். ஒரு முன்னங்கால் பின்னுக்கு மடிந்திருந்தது. பசு முக்குவதை நிறுத்துகிற நேரம் பார்த்துக் கன்றை உள்ளே தள்ளினாள். குளம்பு குத்திவிடாமல் அதை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து, அங்குலம் அங்குலமாக முன்னே கொண்டுவந்தாள். கயிறு போட்டு இழுத்ததும் கன்று வந்து விழுந்தது. மூச்சில்லை. வாயில் சளியை வழித்தாள், மூக்குக்குள் வைக்கோல் துரும்பை விட்டாள், சாக்கால் தேய்தேயென்று தேய்த்தாள். கன்று தும்மியது.

பெண் கன்று. றிபா அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். இன்ஸாப் கத்தியை உறையில் போட்டான். முனவ்வறா மட்டும் இன்னொருமுறை கையை விட்டுப் பார்த்தாள். அதே சூடு, அதே வழிசல். எவ்வளவு பொத்திப் பிடித்தும் கிழிந்துதான் இருந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். சந்தோஷப்படுகிறவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சந்தோஷப்படட்டும் என்று அவளுக்கும் தோன்றியது. கையை வெளியே எடுத்தாள்.

"உள்ளுக்குக் கிழிஞ்சி பெய்த்து. இது தப்பாது, அறுங்க" என்றாள் கணவனிடம். பிறகு றிபாவின் பக்கம் திரும்பினாள். "இந்த முற தெரியிது றிபா. அண்டைக்கும் தெரிஞ்சதுதான். ஒனக்குப் பொய் சொன்னன்."

முனவ்வறா றிபாவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு பசுவின் மடியண்டை குந்தினாள். கன்றுக்கு முதல் பால் வேண்டும், தாய் போனால் அது எங்கே கிடைக்கும்? அழுதழுது கறந்தாள். போத்தல் நிறையும்வரை இன்ஸாப் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு நின்றான். பசு ஒருமுறை தலையைத் தூக்கிக் கன்று கிடந்த பக்கம் பார்த்தது.

தாயை அறுப்பதைக் கன்று காணக் கூடாது. றிபாவே அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு மருத மரத்துக்கு அப்பால் போனாள். முனவ்வறா போத்தலோடு பின்னால் போய்ச் சற்றுத் தள்ளி நின்றாள். பட்டிப் பக்கமிருந்து இன்ஸாபின் குரல் பிஸ்மில்லாஹ் சொன்னது. றிபா கையை நீட்டிப் போத்தலை வாங்கினாள். கன்று முட்டி முட்டிக் குடித்தது.

பால் பாதியாகும் வரை றிபா நிமிரவில்லை.

"இது வளந்து கண்டு போடக்குள்ளயும் நீங்கதான் வரணும், ராத்தா" என்றாள்.