டப்புக்குள் ஒரு நட்சத்திர ஆமை

1. தலைமையாசிரியையின் போன்

"மேடம், உங்க கிளாஸ் முடிஞ்சதுலேர்ந்து ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு ஸ்கூலுக்கே வரல. அன்னிக்கி இன்னா சொன்னீங்க?"

சாலவாக்கம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை இப்படிக் கேட்டபோது, இந்த வேலைக்கு நான் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் அழிந்துவரும் விலங்குகளைப் பற்றிப் பேசுவதுதான் என் வேலை. ஒரு வகுப்புக்கு நாற்பது நிமிட செஷன். சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு, ப்ரொஜெக்டர் பையோடு டவுன் பஸ்ஸில் ஏறுவேன். கண்டக்டர்கள் நான் காலண்டர் விற்பதாகவே நினைத்தார்கள்.

அந்த ஆறாம் வகுப்பில் அன்று ஸ்லைடில் நட்சத்திர ஆமை வந்தது. முதுகு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும். அந்த அழகுக்காகவே அதைப் பிடித்து விற்கிறார்கள். எஸ்தர் என்ற பெண் கை தூக்கினாள்.

"மிஸ், அத வூட்ல வளக்கலாமா?"

"வளர்த்தா ஜெயில்தான்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை என்பது போன் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கு வராமலிருப்பவள் அவள்தான்.

2. நகர்ந்த டப்

மறுநாள் தலைமையாசிரியையின் ஸ்கூட்டியில் எஸ்தர் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா தாஸ் கூலி வேலை செய்பவர். எங்களைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஜொரம் மேடம். திங்கக்கெழம அனுப்பிடுறேன்."

எஸ்தர் அவர் முதுகுக்குப் பின்னால் நன்றாகத்தான் இருந்தாள். ஆமை பற்றிக் கேட்டேன்.

"எங்க வூட்ல ஆடு ரெண்டு கீது, கோழி கீது. வேற ஒண்ணியும் இல்ல" என்றார் தாஸ்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே கவிழ்த்து வைத்திருந்த நீல பிளாஸ்டிக் டப் தரையோடு உராய்ந்து நகர ஆரம்பித்தது. ஒரு சாண் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கட்டில் காலில் முட்டியதும் டப் ஓய்ந்தது.

"எலி மேடம்" என்றார் தாஸ்.

"எலி இல்ல மிஸ், ராணி" என்றாள் எஸ்தர்.

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாஸ் டப்பை மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் எனக்கு வந்த சிரிப்பு அடங்கிவிட்டது.

உட்கார்ந்து பேசினோம். பிளாட் போடுவதற்காகப் புதர்க்காட்டை ஜேசிபி வாரிக்கொண்டிருந்தபோது தாஸ் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்.

"ஜேசிபி பக்கெட்டு எறங்கிக்கினு இருந்திச்சி. இது நடுவுல குந்திக்கினு கீது. கைய வுட்டுத் தூக்கிட்டேன். எங்க வுடுறதுன்னு தெரியல. காடே இல்லியே மேடம். பாப்பாவுக்குப் புடிச்சிருந்திச்சி, வச்சிக்கினோம். விக்கிறதுக்கு எடுத்தாரல."

ஜெயில் என்று சொன்னதற்காக இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஆமையை வனத்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்பதையும் சொன்னேன். தாஸ் மகளைப் பார்த்தார். "நானே குடுக்கிறேன் மிஸ்" என்றாள் அவள்.

3. கையெழுத்து

அங்கிருந்தே வனத்துறைக்கு போன் செய்தேன். மதியம் வனவர் வந்தார். எனக்குத்தான் முதல் திட்டு.

"எடுத்த எடுப்புல ஜெயில்னு சொன்னா, வச்சிருக்கிறவன் ராத்திரியோட ராத்திரியா கெணத்துல போட்ருவான். உங்களுக்கு எவன் இந்த வேலைய குடுத்தான்?"

வனவர் நடந்ததையெல்லாம் தாஸிடம் கேட்டு ஒரு கடிதம் எழுதி நீட்டினார். தாஸ் பேனாவைத் தொடவில்லை. கடிதத்தை வாங்கி எஸ்தரிடம் கொடுத்தார்.

"எழுத்து வுடாம படி."

அவள் நின்றுகொண்டு படித்தாள். "ஜேசிபி இயந்திரத்தின் அடியிலிருந்து ஆமையை உயிருடன் மீட்டு" என்ற இடத்தில் தாஸ் நிறுத்தினார்.

"மீட்டுன்னா இன்னா?"

"காப்பாத்தினன்னு அர்த்தம்பா. நீ காப்பாத்தினன்னு எழுதிக்கீது."

"இன்னொருவாட்டி படி."

படித்தாள். அதன் பிறகு தாஸ் தன் பெயரை மெதுவாக, பெரிய எழுத்தில் எழுதினார். வழக்கு எதுவும் வரவில்லை. கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு, ராணியைப் பாதுகாப்பான ஒரு புதர்க்காட்டில் விட்டார்கள். வனவர் அனுப்பிய படத்தில் ராணியின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அதுவே போதும் என்றாள் எஸ்தர்.

4. மாறிய வகுப்பு

திங்கட்கிழமை அவளையே வகுப்பில் பேசச் சொன்னேன். மழைக்கு முன்பே ராணி விழித்துக்கொள்ளும், சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்றால் வாயெல்லாம் சிவந்துவிடும், கோபம் வந்தால் புஸ்ஸென்று மூச்சு விடும் என்றெல்லாம் சொன்னாள். இதில் பாதி என் ஸ்லைடில் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சட்டத்தைச் சொல்லாமல் விடாதீர்கள், ஆனால் அதோடு யாருக்கு போன் செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள். வகுப்பை மட்டும் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: "நீங்க என்னெல்லாம் பாத்திருக்கீங்க?"

பெருநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் முதன்முறை அப்படிக் கேட்டேன். கரும்புக்காட்டில் பார்த்த புனுகுப்பூனையில் ஆரம்பித்து, ஏரிக்கு வரும் கூழைக்கடா வரை போனது. மணி அடித்தும் கைகள் இறங்கவில்லை. உத்திரமேரூர் பஸ் போய்விட்டது. ப்ரொஜெக்டரை அன்று பையிலிருந்து எடுக்கவே இல்லை.